பானையில் இறங்கிய ஷாஃப்ட்

என் சமையலறையில் கறி வெந்ததைவிட எஞ்சின் வெந்ததுதான் அதிகம். ரொட்டி சுடுகிற அடுப்பில் மாடல் விமான எஞ்சினின் கையளவு அலுமினிய உடம்பு ஒன்று சூடேறிக்கொண்டிருக்கும். பதம் வந்ததும் என் புருஷன் வெர்லின் அதை எடுத்து மரக்கட்டைமேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே இறுகிக் கிடந்த பேரிங் சமர்த்தாக வெளியே விழும். அதற்குப் பதிலாகப் போக வேண்டிய புதுப் பேரிங், குளிர்பெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் சுருங்கிக் கிடக்கும். பாதிரியாரின் மனைவி ஒருமுறை ஐஸ் எடுக்கப் போய், இமோஜீன் வீட்டில் இரும்பையும் தின்கிறார்கள் என்று தேவாலயம் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், பானை விஷயத்தைத் தவிர. பீன்ஸ் வேகவைக்க என் அண்ணன் ராய்ஸ் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த மின்சாரப் பானை அது. ஒரே ஒரு வாரம் என்னிடம் இருந்தது. பிறகு அதில் கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்டை, அந்தப் பச்சை விஷத்தை, ஊற்றிவிட்டார் மனிதர். இனி அதில் சமைத்தால் நேராகச் சுடுகாடுதான். மாடல் விமான எஞ்சினுக்கு எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். ஓட ஓட அது தீய்ந்து, பழுப்பாக, பிசின் மாதிரி உலோகத்தில் பிடித்துக்கொள்ளும். சுரண்டினால் வராது. கூலன்டில் ஒரு பகல் கொதிக்கவிடாமல் நல்ல சூட்டில் ஊறினால் அத்தனையும் கழன்று, பெட்டியைப் பிரித்த அன்றைக்கு இருந்த மாதிரி வெளுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு எந்த எஞ்சின் வந்தாலும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கம்பிக் கொக்கியில் மாட்டி, முதலில் பானைக்குள் இறக்குவது வெர்லினின் வழக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிராக்டர் கடையில் உதிரிபாகம் விற்பது அவருடைய வேலை. விவசாயி எவனாவது உடைந்த சாமானோடு வந்து நின்றால், "இத வெச்சு மாரடிக்காத, புதுசு போடு" என்று பகல் முழுக்கச் சொல்லுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வாய் மாறிவிடும். வளைந்ததை நிமிர்த்தாமல், கீறியதை மெழுகாமல், ஒரு சாமானைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. அதோடு, "வெர்லின்கிட்ட கொடுத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள பறக்கும்" என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்பதில் அவருக்கு ஒரு போதை. குடிக்காத மனிதருக்கு அதுதான் குடி.

எங்கள் ஊர் அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கண்காட்சித் திடலில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு வட்டம் வெட்டி வைத்திருந்தோம். நடுவில் ஆள் நிற்பார். அவர் பிடித்திருக்கும் கைப்பிடியில் கட்டிய இரண்டு எஃகுக் கம்பியின் முனையில் விமானம் அவரைச் சுற்றி வரும். ஞாயிறுதோறும் எவருடைய விமானமாவது மூக்குக் குப்புற மண்ணில் குத்தும். குத்தியவர் மூக்கில் சுற்றுகிற விசிறியைத் தொட மாட்டார். தொட்டுச் சுற்றினால் மண் உள்ளே போய் சிலிண்டரை அறுத்துவிடும். சேற்றோடு துணியில் சுற்றி, பிணத்தைக் கொண்டுவருகிற மாதிரி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

நானும் ஓட்டினேன். எனக்கென்று ஒரு மஞ்சள் விமானம் இருந்தது. எழுபத்தைந்தாம் வருடம் அது குத்தி, எஞ்சின் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. விசிறியைத் தாங்குகிற தண்டு அது. வளைந்தால் எஞ்சின் நடுங்கும். அடுத்தவர்களுக்கு இரண்டே நாளில் சரிபண்ணிக் கொடுத்தவர், என்னுடையதை மூன்று வாரம் இழுத்தடித்தார். "ஊரானுக்கெல்லாம் உடனே, பொண்டாட்டிக்கு மட்டும் நாளைக்கு நாளைக்கா?" என்று நான் தினமும் சாப்பாட்டு மேசையில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எழுபத்தாறாம் வருடம் ஜூலையில் அந்த ஞாயிறு வந்தது. டெல்மர் பால் வண்டி ஓட்டுபவர், மனைவியை இழந்தவர், வெர்லினுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். அவர் தன் விமானத்தை ஓட்ட நடுவில் கைப்பிடியோடு நின்றார். விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கியது என் அண்ணன் ராய்ஸ். எஞ்சின் பிடித்துக்கொண்டதும், அதன் தலையிலுள்ள பிளக்கைச் சூடேற்றுகிற பேட்டரி கிளிப்பைப் பிடுங்க வேண்டும். விசிறி முன்னால் சுற்றுகிறது, பின்னால் இருந்து பிடுங்கு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறோம். ராய்ஸ் அன்றும் முன்பக்கமாகவே கையை நீட்டினார். சத்தம் சட்டென்று நின்றது. ஷாஃப்ட் முறிந்து, விசிறி தனியாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பி அவர் கையில் அடித்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன.

ராய்ஸ் முடிதிருத்துபவர். ஊரில் பாதித் தலை அவர் கையில்தான் இருந்தது. கத்தரி பிடிக்கிற கை அது.

யார்மீது பழி விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. டெல்மர் எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம். விசிறியின் நுனி சில்லு பெயர்ந்தால் தூக்கிப்போட மாட்டார். உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவார். சில்லு போன விசிறி சமமாகச் சுற்றாது, உதறும். உதறலில் ஷாஃப்ட் முறியும். அன்றைக்கு மாட்டியிருந்த விசிறி சிதறிப்போனதால் அதில் சில்லு இருந்ததா என்று யாராலும் பார்க்க முடியவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். என் அண்ணனின் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டே அத்தனை பேர் முன்னால் டெல்மரைப் பார்த்துக் கத்தினேன்: "உன் கஞ்சத்தனத்துக்கு எங்கண்ணன் விரல்தான் கெடச்சுதா?"  கைப்பிடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே ராய்ஸ் எங்கள் மாடல் விமானச் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். இதற்குக் காரணமானவன் எவனோ, அவன் இனிமேல் அந்தத் திடலில் எஞ்சினைத் தொடக்கூடாது. சனிக்கிழமை எல்லோரும் கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்ய வேண்டும். தலைவர் எஞ்சினை வெர்லினிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்து என்ன ஆயிற்று என்று சனிக்கிழமை சொல்லுங்கள் என்றார். வெர்லின் சொன்னால் அது வேதவாக்கு. டெல்மருக்கு அந்தத் திடலை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேச அவருக்கு வீட்டில் ஆள் இல்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் வெர்லின் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து எஞ்சினைப் பிரித்தார். பானை ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்தது. விசிறியின் நடுக்கட்டையைப் புல்லிலிருந்து பொறுக்கி வைத்தவள் நான். அதன் நட்டுக்குள் ஷாஃப்ட்டின் முறிந்த முனை அப்படியே இருந்தது. அதை நானே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

முறிந்த முகம் வட்டமாக, சட்டை பொத்தான் அளவுக்குக்கூட இல்லை. அதில் ஒரு பாதி வெள்ளியாக மின்னியது. மறுபாதி பழுப்பாக இருந்தது.

இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். புது உடைப்பு மின்னும். பழைய விரிசல் என்றால் விளக்கெண்ணெய் அதற்குள் கசிந்து, ஓட ஓடத் தீய்ந்து, பழுப்பாகியிருக்கும். இந்த ஷாஃப்ட் ஞாயிற்றுக்கிழமை முறியவில்லை. எப்போதோ பாதி முறிந்து, மிச்சப் பாதியில் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. மே மாதம் டெல்மரின் விமானம் குத்தி, இந்த எஞ்சின் இதே மேசைக்கு வந்தது. அப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் வெர்லின் ஷாஃப்ட்டைக் கட்டைமேல் வைத்து, பித்தளைக் கம்பியால் டக் டக்கென்று தட்டி, அளவுகோல் முள்ளைப் பார்த்துப் பார்த்து நிமிர்த்தினார். அந்தச் சத்தம் கேட்டபடியேதான் நான் துணி உலர்த்தினேன். ஷாஃப்ட்டுக்கு மேல்தோல் கடினம், உள்சதை மெது. வளைந்ததை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாமல் தோல் கீறும். அதனால்தான் வளைந்த ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும், நிமிர்த்தக் கூடாது. டெல்மர் உட்பட எல்லோரும் வெர்லின் மாற்றினார் என்றே நினைத்திருந்தார்கள்.

நான் முனையை மேசையில் வைத்தேன். வெர்லின் என்னைப் பார்க்கவில்லை. பிஸ்டனைக் கொக்கியில் மாட்டிப் பானைக்குள் இறக்கினார். பின்மூடியை இறக்கினார். பிறகு ஷாஃப்ட்டின் பெரிய பாதியை ஒரு கொக்கியிலும், முனையை இன்னொரு கொக்கியிலும் மாட்டினார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் அவற்றையும் இறக்கி மூடியைப் போட்டார்.

அதில் தப்பு என்று யார் சொல்ல முடியும்? அவருடைய வழக்கம் அது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் செய்வது. மறுநாள் காலையில் எடுத்தால் அந்தப் பழுப்பு கழுவிப் போயிருக்கும். முகம் முழுக்க ஒரே வெள்ளி, ஒரே உடைப்பு. விசிறி உதறியது, முறிந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லக்கூட வேண்டாம். தட்டில் வைத்துக் காட்டினால் போதும்.

 ஒரு பக்கம் என் அண்ணன், ஒரு பக்கம் என் புருஷன். நடுவில் என்னிடம் திட்டு வாங்கிய அந்தப் பால்காரர். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே நான், வாய்க்குப் பேர்போனவள், பேசாமல் நின்றேன்.

பின்வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் டெல்மர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு நிற்கிறார். ராய்ஸைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனாராம், கதவைச் சாத்திவிட்டார்களாம். என்னைப் பார்க்கப் பயந்து நேராக வெர்லினைப் பார்த்துப் பேசினார்.

"அந்த விசிறில சில்லு இருந்துச்சான்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன் வெர்லின். ஞாபகமே வரல. இருந்திருக்கும், என் புத்தி எனக்குத் தெரியாதா? நீ பாத்துட்டியா? பாத்திருந்தா இப்பவே சொல்லிடு. சனிக்கிழமை வரைக்கும் என்னால தாங்க முடியாது."

"இன்னும் பாக்கல" என்றார் வெர்லின்.

டெல்மர் தலையாட்டினார். பானையைப் பார்த்தார். "வேகுதா? சரி, வேகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பால் வண்டி கிளம்பாமல் வாசலிலேயே வெகு நேரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கி, வண்டி தெருமுனை திரும்புகிறவரை வெர்லின் அசையவில்லை.

பிறகு மூடியைத் தூக்கி எறிந்தார். கொக்கியைத் தேடவில்லை. வெறும் கையைப் பானைக்குள் விட்டு, துழாவி, இரண்டு துண்டையும் வெளியே இழுத்தார். மேசைமேல் பச்சைத் தண்ணீர் சிதறியது. விரல்கள் வெந்து சிவந்துவிட்டன. அவர் விரல்களைப் பார்க்கவில்லை, முறிந்த முகத்தைத்தான் பார்த்தார். பழுப்பு அப்படியே இருந்தது.

"நீயும் பாத்தேல்ல?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

 கையைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொல்லி, மருந்து தடவித் துணி சுற்றினேன். அந்த வாரத்தில் நான் கட்டுப்போட்ட இரண்டாவது கை.

சனிக்கிழமை கண்காட்சித் திடல் கொட்டகையில் காப்பி இருந்தது, ஆப்பிள் பை இருந்தது, யாரும் தொடவில்லை. ராய்ஸ் முன் பெஞ்சில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட மூட்டை மாதிரி இருந்தது அந்தக் கட்டு. தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் டெல்மர் எழுந்துவிட்டார். வெர்லினைச் சங்கடப்படுத்த வேண்டாம், சில்லு போன விசிறியைத்தான் மாட்டியிருப்பேன், தப்பு என்னுடையது, இனி வர மாட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ராய்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, கைதூக்குங்கள் என்றார் தலைவர். இரண்டு மூன்று கைகள் எழுந்தே விட்டன. எவ்வளவு சுலபம். வெர்லின் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும்.  கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதருக்காக நான் அவ்வளவு பயந்ததில்லை.

எழுந்தார். காப்பித் தட்டு ஒன்றில் இரண்டு துண்டையும் வைத்து, பூதக்கண்ணாடியோடு ராய்ஸின் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"பாரு மச்சான். பாதி பழுப்பு. இது டெல்மர் விசிறியால வந்ததில்ல. மே மாசமே கீறியிருக்கு. வளைஞ்ச ஷாஃப்ட்ட நான் நிமிர்த்தினேன், மாத்தல. மாத்திட்டேன்னு நீங்கள்லாம் நெனச்சீங்க. நானும் நெனைக்க விட்டேன்."

தட்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார். டெல்மர் மட்டும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

வெர்லின் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இது ஒண்ணு மட்டுமில்ல" என்றார். "இன்னும் சிலதும் நிமிர்த்தியிருக்கேன். எது எதுன்னு எனக்கே நெனவில்ல. நாளைக்கு யாரும் எஞ்சின முடுக்காதீங்க. எல்லாத்தையும் எங்கிட்ட கொண்டாங்க, மாத்தித் தரேன்."

அப்போதுதான் கொட்டகையில் இருந்தவர்களுக்கு உறைத்தது. ஆளாளுக்குத் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். போன ஞாயிறு அந்த இடத்தில் தங்கள் விரலும் இருந்திருக்கலாம். ஒருவர் தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தொட்டால் சுடும் என்பது போல மூடினார்.

ராய்ஸ் மெதுவாகக் கேட்டார்: "இமோஜீன் எஞ்சின்? போன வருஷம் அதுவும் வளைஞ்சுதே."

"அவளோடதுல பயமில்ல."

"இப்பத்தானே எதுவும் நெனவில்லன்ன?"

வெர்லின் தன் கைக்கட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். "அதுக்கு மட்டும் கலிபோர்னியாவுலேர்ந்து புதுசு வரவழச்சுப் போட்டேன்" என்றார்.

அந்த மூன்று வாரம். தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் வருவதற்காக, என்னிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு, கிழங்கை மசித்துக்கொண்டு அவர் காத்திருந்த மூன்று வாரம். நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்ததால்தான் என் கைக்கு மட்டும் புதுசு. கட்டின புருஷன் இதைவிடப் பெரிதாக அன்பைச் சொல்லிவிட முடியாது. எனக்கோ அத்தனை பேர் நடுவில் உடம்பு கூசியது. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

ராய்ஸ் தட்டிலிருந்த முனையை இடது கையால் எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார். "என் தங்கச்சி கைய நெனச்சிருக்க. அதுக்கு உனக்கு நான் கடன்பட்டவன் மச்சான். ஆனா என் கைய நெனைக்கல பாரு."

சொல்லிவிட்டு, வெர்லின் இனித் திடலில் எஞ்சினைத் தொடக்கூடாது என்பதற்குக் கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாக மற்றக் கைகளும் எழுந்தன. டெல்மரின் கை மட்டும் எழவில்லை. என் கையும் எழுந்தது. வெர்லின் அதைப் பார்த்தார். நான் இறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். சோளம் வண்டியை விட உயரமாக நின்றது. பாதி வழியில், என் எஞ்சினைப் பிரித்து அந்தப் புது ஷாஃப்ட்டை எடுத்து டெல்மர் எஞ்சினில் போடு என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் வாசல் முழுக்க எஞ்சின்கள் துணியில் சுற்றிக் கிடந்தன. ஒருவரும் கதவைத் தட்டவில்லை, வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோடை முடிகிறவரை தபாலில் பொட்டலம் வந்தபடி இருந்தது. எல்லாவற்றுக்கும் புதுசு போட்டுக் கொடுத்தார். திடலுக்கு மட்டும் அவர் மறுபடி போகவே இல்லை.

அக்டோபரில் ராய்ஸ் கடையைத் திறந்தார். கத்தரியை இடது கையில் பிடித்துப் பழகியிருந்தார். ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தது வெர்லின்.  முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, எலி கடித்த மாதிரி வந்தது. கொஞ்சம் சரிபண்ணி விடுகிறேன் என்று நான் கத்தரியை எடுத்தேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.